கடைசி வரிசை வரை எட்டிய ஒயர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. எர்ணாவூர் குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் பெயரை வைத்து அவர் செய்த காரியத்தை, அவர் பெயரை வைத்து நானும் செய்ய வேண்டாமே என்றுதான். எங்களுக்கெல்லாம் அவர் மைக் அண்ணன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒல்லியான ஆள். படிய வாரிய தலை, கணுக்கால் தெரிய மடித்துவிட்ட பேண்ட், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். இடது கையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். குளிக்கும்போதாவது கழற்றுவீர்களா என்று நாங்கள் கேலி செய்வோம். "கல்யாணத்துக்கே கயட்டல. வூட்டாண்ட வா, போட்டோ காட்றேன்" என்பார். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் இருந்தாராம். எப்போதோ எங்கள் பக்கம் வந்து ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையைப் போட்டார். மாதா கோயில் தேர், அம்மன் கோயில் கூழ், தர்கா சந்தனக்கூடு, எல்லாக் கட்சிகளின் பொதுக்கூட்டம், காதுகுத்து, கருமாதி என்று எதுவானாலும் அவருடைய மைக் செட்தான்.

மற்ற மைக் செட்காரர்கள் "அலோ, ஒன், டூ, த்ரீ" என்று சோதிப்பார்கள். இவர் கண்ணில் படுகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "மூணாவது மாடி ஜன்னலாண்ட நின்னுகினு கீற லூர்து அக்கா, கேக்குதா? கேட்டா கைய ஆட்டு. பொடிமாஸ் கருகற வாசன இங்க வருது, அத்தப் பாரு மொதல்ல." குவார்ட்டர்ஸே சிரிக்கும். எங்கள் பெயர் எப்போது வரும் என்று நாங்கள் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வந்து நிற்போம். ஒலிபெருக்கியில் நம் பெயர் கேட்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. பாதிப் பேர் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த எங்கள் மீனவ ஜனங்கள். மீதிப் பேரை நகரத்தின் கால்வாய்க் கரைகளிலிருந்து கிளப்பிக்கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு குடம் மோதும், பிறகு ஆளோடு ஆள் மோதும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது யார் என்று கேட்டால், நான் இன்றைக்கும் மைக் அண்ணன் என்றுதான் சொல்வேன். அதை மறைத்தால் அது என் வயிற்றெரிச்சல் ஆகிவிடும்.

அதிகாரிகள் குறை கேட்க வரும் கூட்டங்களுக்கு அவர் தேவைக்கு மேல் ஒயர் கொண்டுவருவார். மேடை இங்கே, ஜனங்கள் அங்கே என்றால், அந்த ஒயர் கடைசி வரிசையும் தாண்டிச் சுவர் ஓரம் வரை எட்டும். "மேடைக்கு இம்மாம் ஒயர் எதுக்குண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேடைக்கா போடுவாங்க இத்த? கடைசில குந்திகினு கீறாங்களே, அவங்களுக்கு. மேல கீறவன் மட்டும் பேசினா அது கூட்டமில்ல, கச்சேரி."

அப்படித்தான் மல்லிகா அக்காவைப் பேச வைத்தார். மல்லிகா அக்கா திருநங்கை. கூட்டம் நடந்தால் வருவாள், ஆனால் உட்கார மாட்டாள். சுவரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் மைக் அண்ணன் ஒயரை இழுத்துக்கொண்டு நேராக அவளிடம் போய் மைக்கை நீட்டினார்.

"அய்யோ, வேணாண்ணா. நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சப்பறம் பேசு. கரண்டு பூட்டாத்தான் நான் மைக்க வாங்குவேன்."

சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பு ஓய்ந்ததும், எங்கள் பிளாக்கின் மாடிப்படிகளில் ஒரு விளக்குகூட எரிவதில்லை என்றாள். வேலை முடிந்து இருட்டில் ஏறும்போது யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தனக்குத் தெரியும், பெயர் சொல்லட்டுமா என்று கேட்டாள். அந்த வாரமே விளக்குகள் வந்துவிட்டன. அடுத்த கூட்டத்தில் அவள் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மணலி கம்பெனிகளில் வேலை செய்யும் இந்திக்காரத் தம்பிகள் பின்பக்கத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களையும் அவர் விடவில்லை. "நீ இந்திலயே பேசு பாய். நான் தமிழ்ல சொல்லிக்கிறேன்" என்று ஒருவனை இழுத்துவந்தார். அந்தப் பையன் உணர்ச்சி பொங்க ரொம்ப நேரம் பேசினான். முடித்ததும் மைக் அண்ணன் மைக்கை வாங்கி, "தண்ணி வரலைன்றார்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை பானி. அவன் அதுவரை சொன்னது வீட்டுக்காரர் அறையைப் பூட்டிவிட்டதைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் தண்ணீரும் வரவில்லைதான், அதனால் அவனும் தலையாட்டிவிட்டான்.

என்னை அவர் பிடித்தது ஒரு டேங்கர் லாரியின் தயவில். நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதும் வேலையில் இருந்தேன். லாரிகளோடு பழகிய வாய். ஒரு நாள் எங்கள் அங்கன்வாடியை உரசிக்கொண்டு போன டேங்கர் டிரைவரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். டிரைவர் போனதும் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது.

"இன்னா வாய்ஸ்மே உனுக்கு! இத்த வச்சிகினு லாரிக்காரன்கிட்ட வேஸ்ட் பண்ணிகினு கீறியே செல்வி."

அடுத்த கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மைக் அண்ணன் என் முன்னால் வந்து தரையில் குந்தி உட்கார்ந்தார். "அவங்களப் பாக்காத, என்னப் பாரு. நான்தான் அந்த லாரிக்காரன். திட்டு" என்றார். திட்டினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. பந்தல் முழுக்கக் கைதட்டியது, அவர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். அங்கன்வாடி வாசலில் வேகத்தடை வந்தது. அதன் மேல் முதல் லாரி ஏறி இறங்கியதைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம்.

மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்ததும் கட்சிக்காரர்களுக்குத் தங்கள் வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது. போஸ்டரில் மனைவி சின்னதாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள், பின்னால் கணவன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பான். மைக் அண்ணன் மூச்சு வாங்க எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். "நீ நிக்கிற" என்றார். கேள்வியே இல்லை.

என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். "நிக்கட்டும்ணா. கடலுக்கு நான் போறேன், கவுன்சிலுக்கு அவ போவட்டும்" என்றார். என் மாமியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுயேச்சையாக நின்றேன். மைக் அண்ணன் தன் ஆட்டோவின் மேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தெருத்தெருவாகப் போனார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. பின்னால் மல்லிகா அக்கா, லூர்து அக்கா, லூர்து அக்காவின் மாதா கோயில் ஜெபக் கூட்டத்துப் பெண்கள், குடத்தால் என் மண்டையை ஒருகாலத்தில் குறிபார்த்த கால்வாய்க் கரைப் பெண்கள். ஓட்டே இல்லாத இந்திக்காரத் தம்பிகள்கூட நோட்டீஸ் கொடுத்தார்கள். ஜெயித்துவிடுவேன் என்று நான் நம்பினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கவுன்சிலர் நாற்காலி எனக்குப் பெரிதில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்ததே கிடையாது. ஆண்கள் பேசி முடித்ததை வீட்டுக்கு வந்து சொல்வார்கள், நாங்கள் கேட்டுக்கொள்வோம். ஒருத்தி ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடும் என்று நினைத்தேன். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

ஊர் என்று நாங்கள் சொல்வது குப்பத்துப் பஞ்சாயத்தை. குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாலும் நாங்கள் ஊருக்குக் கட்டுப்பட்டவர்கள். தேர்தல் வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசி, கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிடுவார்கள். அப்புறம் மொத்த ஊரும் ஒரே சின்னத்துக்குத்தான் போடும். மீறினால் தொழிலுக்குப் போக முடியாது. இந்த முறை அவர்கள் ஒரு கட்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வலை பின்ன ஒரு கூடம் கட்டித் தருவதாகப் பேச்சு. என் பெயர் ஏற்கெனவே ஓட்டு மிஷினில் ஏறிவிட்டிருந்தது, வாபஸ் வாங்கும் நாளும் போய்விட்டது. அதனால் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

"நீ ஒதுங்கிக்கினேன்னு ஊருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிடு, போதும்" என்றார் ஊர்த் தலைவர்.

"முடியாது தலீவரே."

"உன் புருசன் நாளப்பின்ன கடல்ல எறங்கணும்."

"எறங்குவாரு. கடல் உங்க வூட்டுதா?"

கோயில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வந்திருந்த மைக் அண்ணன் தூண் பக்கத்தில் கையில் ஒயரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். சபாஷ் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கும் நேரம். நான் வஞ்சிரத் துண்டங்களுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். கோயில் குழாய் கொரகொரத்தது. பிறகு அந்தக் குரல்.

"ஊர் மக்கள் அன்பான கவனத்துக்கு. தேர்தல்ல நிக்கிற நம்ம வூட்டுப் பொண்ணு செல்வி, ஊர்ப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, முழு மனசோட ஒதுங்கிக்கிச்சு. நாளைக்கு எல்லாரும் ஊர் சொன்ன சின்னத்துக்கே ஓட்டுப் போட்டு, நம்ம ஒத்துமையக் காட்டணும்னு கேட்டுக்கறோம்."

திரும்பவும் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் 'செல்வி' என்ற இடத்தில் குரலில் அதே பழைய பாசம் இருந்தது. மாமியார் உள்ளேயிருந்து, "நல்ல புத்தி வந்துச்சே, அம்மாடி" என்று சாமி படத்தைக் கும்பிட்டார்.

மசாலாக் கையோடு ஓடினேன். என் வீட்டுக்காரரும் பின்னால் ஓடி வந்தார். கோயில் வாசலில் மைக் அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் எப்போண்ணா ஒதுங்கினேன்?"

"ஊரு சொல்லச் சொன்னத சொன்னேம்மா."

"நான் முடியாதுன்னு சொன்னது உங்க காதுல வுயலயா? நீங்க அங்கதானே நின்னுகினு இருந்தீங்க?"

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன்?"

முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒயர் சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் போனார். நான் தடுத்தேன்.

"சரி, வுடுங்க. மைக்க குடுங்க, நானே சொல்லிக்கிறேன்."

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது கோயில் மைக்கும்மா. ஊரக் கேக்காம குடுக்க முடியாது."

சுவரோரம் நின்ற மல்லிகா அக்காவுக்கு, தனக்குப் புரியாத இந்தியில் பேசிய பையனுக்கு, நாக்கு ஒட்டிக்கொண்ட எனக்கு என்று யாருக்கும் கொடுத்த மனிதர். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்த மனிதர். நானாகக் கையை நீட்டிக் கேட்டது அந்த ஒரே தடவைதான். என்னால் அங்கே அழக்கூட முடியவில்லை.

அதன் பிறகு நாங்கள் மாடி மாடியாக ஏறினோம். நான் ஒதுங்கவில்லை, நிற்கிறேன் என்று ஒவ்வொரு கதவையும் தட்டிச் சொன்னோம். இதில் ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புயல் எச்சரிக்கை அந்தக் குழாயில்தான் வரும். காணாமல் போன குழந்தை, தண்ணீர் லாரி, கடலில் போனவர்கள் கரை சேர்ந்த சேதி, சாவு, எல்லாமே அதில்தான். அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அந்தக் குரலைக் கேட்டுக் கடலுக்குப் போகாமல் உயிர் பிழைத்தவர்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. எனக்காகத் தொண்டை கட்டக் கோஷம் போட்ட லூர்து அக்காவே கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நீ ஒதுங்கிட்டேன்னு மைக்குலயே சொல்லிட்டாங்களே செல்வி."

"யக்கா, நான்தானே நிக்கிறேன் உன் எதுர்க்க? நான்தானே சொல்றேன்?"

"அதான் கொயப்பமா கீது. மைக்குல ஒண்ணு சொல்லிட்டு, இங்க வந்து வேற ஒண்ணு சொல்றியே. அங்க சத்தியம் குடுத்துட்டு இப்ப ஏம்மா மாத்திப் பேசற?"

மல்லிகா அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி பிளாக் வரை வந்தாள். அங்கேயும் அதே பேச்சுதான்.

தோற்றேன். கட்சிக்காரரின் மனைவி ஜெயித்தார், மாலை அவர் கணவர் கழுத்தில் விழுந்தது. தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்தோம். அறிவிப்பை யாராவது பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். தண்ணீர் லாரி அறிவிப்பை யார் பதிவு செய்வார்கள்? இதையும் யாரும் செய்யவில்லை.

ஏன் செய்தார் என்று நான் யோசிக்காத நாளில்லை. காசு வாங்கியிருப்பார் என்றார்கள். விசாரித்துப் பார்த்தேன், வாங்கவில்லை. ஊரை விட்டே விரட்டிவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம், வெளியிலிருந்து வந்த ஆள். என் வீட்டுக்காரரின் தொழிலைக் காப்பாற்றத்தான் செய்தார் என்று மல்லிகா அக்கா ஒருநாள் சொன்னாள். இருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரரே பயப்படாதபோது இவர் யார் எங்களுக்காகப் பயப்பட? காசு வாங்கியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சில மாதம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் டேப் வளையல், முகத்தில் அதே சிரிப்பு. மாமியார் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். வார்டில் பகுதி சபை என்று புதிதாகக் கூட்டம் போடப் போகிறார்களாம், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம்.

"நீ வந்து பேசணும் செல்வி. உன்ன மாரி பொம்பளைங்க பேசினாத்தான் இந்த ஏரியா உருப்படும். அடுத்த தபா நீதான் நிக்கிற. மெய்யாலுமே சொல்றேன்."

மெய்யாகவேதான் சொன்னார். அதுதான் என்னை எரித்தது. அந்தக் கண்ணில் கள்ளம் இல்லை, கூச்சமும் இல்லை. எனக்கு என்ன நடந்தது என்பதே அந்த ஆளுக்கு உறைக்கவில்லை. அன்று கோயில் வாசலில் வராத வார்த்தை எனக்கு அப்போதுதான் வந்தது.

"அண்ணா, நாளைக்கு நான் செத்துட்டேன்னு நீங்க மைக்குல சொன்னீங்கன்னு வையுங்க. தோ, டீ குடுத்துச்சே எங்க மாமியாரு, நான் எதுர்க்க நின்னுகினு கீறப்பவே ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிடும். அப்படி ஒரு வாய் உங்களுது. அத்த வச்சி இன்னா பண்ணீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. மாமியார் என்னைத்தான் திட்டினார்.

அவர் இன்னும் இருக்கிறார். கூட்டங்களுக்கு இன்னும் நீளமான ஒயரோடு போகிறார். புதிது புதிதாகப் பெண்களைப் பேச வைக்கிறார், அவர்களும் நன்றாகவே பேசுகிறார்கள். மாலையில் அவர் மைக் சோதிக்கும்போது நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஆனால் சாத்தினாலும் கேட்கும். அந்தக் குரலில் சாவுச் சேதி வந்தால் குவார்ட்டர்ஸில் எல்லோரும் அந்த இடத்திலேயே அழத் தொடங்குவார்கள். நான் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீடு வரை நடந்துபோய், முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகிறேன்.